மதம் வேண்டாம், ஆன்மிகம் போதும்: அப்படியானால் விளக்குக்கு எண்ணெய் யார் ஊற்றுவது?

17.1.2025 | மஞ்சக்குப்பம் வாசகர்

கோயில், சடங்கு, சங்கம், சந்தா எதுவும் எனக்கு வேண்டாம். வீட்டில் ஒரு விளக்கு, அரை மணி நேரம் அமைதி. அது போதும். சாதி, சமயம், மதம் எல்லாம் விட்டுவிடச் சொன்ன வள்ளலார் வடலூரில் எதற்குச் சபை கட்டினார்? கொடி எதற்கு, பூசத்துக்கு நேர அட்டவணை எதற்கு? மதம் வேறு, ஆன்மிகம் வேறு என்பதற்கு நம் கடலூர் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கும்போது நாமே அதைக் குழப்பிக்கொள்கிறோம் என்று தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

17.1.2025, இரவு | திருவந்திபுரம்

வள்ளலார் அமைப்பே வேண்டாம் என்றவர் இல்லை. வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1865-ல் சங்கம். 1867 மே 23-ல் பசித்தவர்க்குச் சோறு போடும் சத்திய தருமச்சாலை. 1872 தைப்பூசத்தில் சத்திய ஞானசபை. 1873 அக்டோபர் 22-ல் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் கொடி ஏற்றிப் பேருபதேசம். 1874 ஜனவரி 30-ல் அங்கே திருவறை எனும் தம் அறைக்குள் போனார், திரும்பி வரவில்லை. ஒன்பதே வருடத்தில் சங்கம், சமையல்கூடம், சபை, கொடி நான்கையும் வைத்துவிட்டார். அமைப்பு பிடிக்காத ஒருவர் செய்கிற வேலையா இது?

அவர் விலக்கியது வேறு. பிறப்பைப் பார்த்து வரிசை வைப்பதை விலக்கினார். அர்த்தம் தெரியாமல் செய்கிற ஆசாரத்தை விலக்கினார். பசித்தவனை வாசலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே நடக்கும் பூசையை விலக்கினார். விதியே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சபைக்குள் தூசு துடைக்கவும் விளக்கு வைக்கவும் யார் போகலாம் என்பதற்கே வயது எழுதி வைத்திருக்கிறார்: 12 வயதுக்கு உட்பட்டவர் அல்லது 72 வயதுக்கு மேற்பட்டவர். பரம்பரை உரிமை வராமல் தடுக்க இதைவிடத் துல்லியமான விதி எழுத முடியுமா என்று தெரியவில்லை. சிறுவன் வளர்ந்துவிடுவான், பெரியவர் நெடுநாள் இருக்க மாட்டார். அந்த வேலை எவருக்கும் சொத்தாகாது.

18.1.2025 | மஞ்சக்குப்பம் வாசகர்

விதி துல்லியமாக இருந்தது, சரி ஐயா. நின்றதா?

18.1.2025 | திருவந்திபுரம்

நிற்கவில்லை. சபைக்குள் ஆகம முறையில் லிங்க வழிபாடு நுழைந்தது. அதை எதிர்த்து அன்பர்கள் போராடினார்கள். வள்ளலார் நெறிப்படி ஜோதி வழிபாடு மட்டுமே நடக்க வேண்டும் என்று அறநிலையத்துறை 2006-ல் உத்தரவிட்டது. சென்னை உயர்நீதிமன்றம் 2010-ல் அதை உறுதி செய்தது. மதத்தை விடச் சொன்ன இடத்தில் எது வழிபாடு என்று அரசும் நீதிமன்றமும் சொல்ல வேண்டி வந்தது. உங்கள் கேள்வியின் கனம் இங்கேதான் இருக்கிறது. அதை மறுக்கவில்லை.

ஆனால் உத்தரவைத் தாங்கிப் பிடித்தது எது என்று பாருங்கள். வள்ளலார் கைப்பட எழுதி வைத்த விதிகள்தான். எழுதாமல், எல்லாம் மனசில் இருக்கிறது என்று விட்டுப் போயிருந்தால் காட்டுவதற்கு ஒரு தாளும் இருந்திருக்காது.

19.1.2025 | திருவந்திபுரம்

சபையின் அமைப்பைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். எண்கோணக் கட்டடம், தெற்கு வாசல். உள்ளே முன்னால் சிற்சபை, பொற்சபை. அவற்றுக்கு அப்பால் ஜோதி. ஜோதிக்கு முன்னால் ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு முன் ஏழு திரைகள்: கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கடைசியில் எல்லாம் கலந்த கலப்புத் திரை. மாயா சக்தியில் தொடங்கி சிற்சக்தி வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு சக்தியின் பெயர். மாதப் பூசத்தில் ஆறு திரை விலகும். தைப்பூசத்தன்று மட்டும் ஏழும் விலகும். இந்த வருடம் பிப்ரவரி 11, செவ்வாய். காலை 6, 10, பகல் 1, இரவு 7, 10, மறுநாள் விடிகாலை 5.30 என்று ஆறு காலம்.

திரைகள் நம்மை மூடியிருக்கும் அறியாமைக்கு அடையாளம். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஏழு திரையும் விலகினால் பார்ப்பவன் எதிரே இருப்பது கண்ணாடி. அதன் வழியாகத்தான் ஜோதி தெரிகிறது. ஆயிரக்கணக்கானோர் கூட்டமாக நின்றாலும் ஒவ்வொருவர் கண்ணுக்கும் அந்தக் காட்சி சில நொடிதான். கட்டடம், அட்டவணை, காவலர் வரிசை எல்லாம் மதம் என்றால் அந்தச் சில நொடி ஆன்மிகம். அட்டவணையை எடுத்துவிட்டால் அந்த நொடி எங்கிருந்து வரும்?

20.1.2025 | முத்தியால்பேட்டை

புதுச்சேரிப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரவிந்தர் இங்கே வந்தது 1910 ஏப்ரல் 4. ஆசிரமம் 1926 நவம்பர் 24. அங்கே தீட்சை இல்லை, கட்டாயத் தியானம் இல்லை, அர்ச்சனைச் சீட்டு இல்லை. சமாதியில் பூ வைத்து, தலை சாய்த்து, பேசாமல் நகர வேண்டியதுதான். ஆனாலும் பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 என்று நான்கு தரிசன நாள் உண்டு. சடங்கு இல்லாத இடத்துக்கும் நாட்காட்டி வந்துவிட்டது.

ஆரோவில் மாத்ரிமந்திர் இன்னும் கூர்மையான உதாரணம். பூ கூடாது, ஊதுவத்தி கூடாது, மத அடையாளம் எதுவும் கூடாது. நடுவில் 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள படிகக் கோளம், அதன் மேல் விழும் ஒரு கற்றைச் சூரிய ஒளி, அவ்வளவுதான். அதற்குள் உட்கார முன்பதிவு வேண்டும். உள்ளே போகுமுன் வெள்ளைக் காலுறை மாட்டிக்கொள்ள வேண்டும். வெள்ளைத் தளம் அழுக்காகக் கூடாது என்பதுதான் காரணம். ஆனால் கோயிலுக்குள் செருப்பைக் கழற்றுவதும் முதலில் இப்படித்தானே தொடங்கியிருக்கும்? காரணம் மறந்து காலுறை மட்டும் மிஞ்சினால் அதற்கு நாம் என்ன பெயர் வைப்போம்?

இதற்குச் சட்டத்திலும் இடம் உண்டு. ஆரோவில்லைத் தொடங்கிய அன்னை 1973-ல் மறைந்தபின் ஆரோவில் நிர்வாகத்தில் தகராறு முற்றியது. 1980-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு நிர்வாகத்தை எடுத்தது. அரவிந்தர் போதனை ஒரு மதம், எங்களுக்கு மத உரிமை உண்டு என்று, அதுவரை நிர்வாகம் செய்த அரவிந்தர் சொசைட்டி தரப்பில் வழக்கு. 1982-ல் உச்ச நீதிமன்றம், அது மதம் இல்லை, தத்துவம் என்று சொல்லிவிட்டது.

20.1.2025, இரவு | முத்தியால்பேட்டை

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னது போல எழுதிவிட்டேன், தவறு. பெரும்பான்மைத் தீர்ப்புதான் அப்படி. நீதிபதி சின்னப்ப ரெட்டி, மதம் என்ற சொல்லை விரிவாகப் பார்த்தால் அரவிந்தர் நெறியையும் அதற்குள் வைக்கலாம் என்ற பக்கம் நின்றார். சட்டம் செல்லும் என்பதில் மட்டும் மற்றவர்களோடு ஒத்துப்போனார். இன்னொன்று: சொசைட்டி வருமான வரி விலக்குக் கேட்டபோது தன்னை ஆராய்ச்சி, கல்வி அமைப்பாகக் காட்டியிருந்தது பெரும்பான்மைத் தீர்ப்பில் எடுத்துச் சொல்லப்பட்டது. வரி என்றால் மதம் இல்லை, நிர்வாகம் என்றால் மதம் என்று இரண்டு கால் வைத்தால் தடுக்கும். சிறு அறக்கட்டளை நடத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் பத்திரத்தில் முதல் பத்தி என்ன சொல்கிறதோ அதுதான் பின்னால் பேசும்.

22.1.2025 | மஞ்சக்குப்பம் வாசகர்

நீதிமன்றத்தை விடுங்கள். நான் வீட்டில் விளக்கேற்றி உட்காருகிறேன். அதில் என்ன குறை?

22.1.2025 | திருவந்திபுரம்

குறை ஒன்றும் இல்லை. ஒழுங்காகச் செய்யுங்கள் என்பதுதான் என் பேச்சு. தனி வழிபாட்டிலும் பாதிப் பேர் பொருளில்தான் கோட்டை விடுகிறார்கள். அதனால் பொருளிலிருந்து வருகிறேன்.

விளக்கு கண்ணாடிக் கூண்டுள்ளதாக இருக்கட்டும். நம் ஊரில் சாயங்காலம் கடல்காற்று ஏறும். திறந்த அகல் அலையும், கண் அதன் பின்னாலேயே ஓடும். நல்லெண்ணெய், பஞ்சுத் திரி. அரை மணி நேரத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் தாராளம். திரி விளிம்புக்கு மேலே ஒரு நெல்மணி நீளம்தான் நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் சுடர் நீண்டு புகையும், கண்ணாடி கறுக்கும். படபடவென்று பொரிந்தால் எண்ணெயிலோ திரியிலோ ஈரம் இருக்கிறது. கழுவிய விளக்கைத் துடைத்து வெயிலில் காய வைக்காமல் ஏற்றியிருப்பீர்கள். சுடர் மூக்கு மட்டத்துக்குச் சற்றுக் கீழே, மூன்று முழம் தள்ளி. கண் எரிந்தால் மூடிக்கொள்ளுங்கள். கொட்டாமல் முறைத்துப் பார்ப்பதில் பெருமை இல்லை. கண்ணில் கோளாறு உள்ளவர்கள் அதைச் செய்யவே கூடாது.

நேரம் ஒன்றை வைத்துக்கொண்டு மாற்றாதீர்கள். முதல் பத்து நிமிடம் மனம் கடைத்தெருவில் இருக்கும், அது இயல்பு. மந்திரம் சொல்வதானால் அருட்பெருஞ்ஜோதி என்று மூச்சோடு மெல்ல வரட்டும். எண்ணிக்கை வேண்டாம், எண்ண ஆரம்பித்தால் அது கணக்கு வேலை ஆகிவிடும்.

தவறுவது பெரும்பாலும் மூன்றாம் மாதத்தில். புதிதாக எதுவும் நிகழாது. அப்போது ஒன்று விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் வெளிச்சம் கண்டேன், ஒலி கேட்டேன் என்று கற்பனை ஏறும். கூட வேறு யாராவது உட்கார்ந்திருந்தால், தம்பி, அது தூக்கம் என்று சொல்லிவிடுவார். தனியாக இருப்பவருக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. சங்கத்தால் எனக்குத் தெரிந்த முதல் பயன் இதுதான். பரமரகசியம் எதையும் அது தரப்போவதில்லை. நீ தூங்கிவிட்டாய் என்று சொல்லும்.

24.1.2025 | தேவனாம்பட்டினம்

நீண்ட நாளாகக் கேட்க நினைத்தது. ஞானசபை வாசலில், கொலை புலை தவிர்த்தவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்று போட்டிருக்கிறதே. கடலுக்குப் போய் மீன் பிடிக்கிற எங்களுக்கு என்ன இடம்? சாதி இல்லை, மதம் இல்லை என்று சொல்லிவிட்டு எங்கள் தொழிலை வைத்து ஒரு கோடு போட்டது நியாயமா?

24.1.2025 | திருவந்திபுரம்

பிறப்பை வைத்துப் போட்ட கோடு அல்ல அது. யாரும் எந்த நாளும் தாண்டக்கூடிய கோடு. ஜோதியை எதிரே மைதானத்திலிருந்தும் தரிசிக்கலாம், அதற்கு யாரும் எதுவும் கேட்பதில்லை. தருமச்சாலையில் உட்கார்ந்து சாப்பிட ஒரு நிபந்தனையும் இல்லை.

25.1.2025 | திருவந்திபுரம்

நேற்றைய பதிலை மறுபடி படித்தேன். அவசரத்தில் எழுதியது. எளிதாகத் தாண்டலாம் என்று வயிற்றுப்பாடு அதில் இல்லாதவன் சொல்வது சுலபம். தொழிலை விட்டுவிட்டு வா என்று காய்கறி விற்பவனிடம் கேட்பதும் கடலோரக் குப்பத்தில் கேட்பதும் ஒன்றல்ல.

நெறியில் உள்ளதை மறைக்காமல் வைக்கிறேன். உயிர்க்கொலையும் புலாலும் தவிர்த்தவர்களை அகவினத்தார் என்றும் மற்றவர்களைப் புறவினத்தார் என்றும் வள்ளலார் பிரித்தார். புறவினத்தார்க்குப் பசியை மட்டும் நீக்குங்கள் என்றார். இந்தப் பிரிவு கடினமானதுதான், மழுப்ப விரும்பவில்லை. எல்லா உயிரும் ஒன்று என்பதை அப்படியே பிடித்துக்கொண்டால் மீனும் அதற்குள் வந்துவிடுகிறது, அங்கிருந்துதான் இந்த வாசல் வந்தது. ஆனால் அதே மனிதர், ஜீவகாருண்யமே மோட்ச வீட்டின் திறவுகோல் என்று சொல்லி, முதலில் கட்டியது சபையை இல்லை. தருமச்சாலையைத்தான். ஐந்து வருடம் சோறு போட்ட பிறகுதான் விளக்குக்குக் கட்டடம். சோற்றுக்கு வாசல் வைக்கவில்லை, விளக்குக்கு வைத்தார். எனக்கு இந்த வரிசை முக்கியமாகப் படுகிறது. உங்களுக்கு அது போதாமல் இருக்கலாம், அதுவும் நியாயம்.

25.1.2025 | தேவனாம்பட்டினம்

முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை அண்ணா. ஆனால் மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. 11-ம் தேதி குடும்பத்தோடு வருகிறோம், மைதானத்தில் நிற்போம்.

27.1.2025 | பண்ருட்டி

எல்லாரும் வள்ளலாரையே சுற்றி வருகிறீர்கள். ஆயிரத்து முன்னூறு வருடம் பின்னால் போனால் இதே மண்ணில் அப்பர் இருக்கிறார். திருவாமூரில் பிறந்து, திருப்பாதிரிப்புலியூர்ச் சமணப் பள்ளியில் தருமசேனராக இருந்து, திருவதிகையில் தமக்கை திலகவதியார் முன் திரும்பி வந்தவர். ஓர் அமைப்பிலிருந்து இன்னோர் அமைப்புக்கு மாறியவர் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். அவர் கையில் இருந்தது உழவாரம், புல் செதுக்கும் கருவி. அவர் பாட்டு உள்ளே இருப்பவனைத் தேடியது, கை கோயில் வெளியில் புல்லைச் செதுக்கியது. இரண்டையும் அவர் பிரிக்கவில்லை.

இன்றைக்கு உழவாரப்பணிக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை. கோயில் செயல் அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மதிலிலும் கோபுரத்திலும் முளைத்த அரசு, ஆலங்கன்றை வேரோடு பிடுங்காதீர்கள். வேர் சுண்ணாம்புச் சாந்துக்குள் ஓடியிருக்கும், இழுத்தால் சுதையும் சேர்ந்து வரும். அடியில் வெட்டிவிட்டு இடத்தைக் குறித்து அலுவலரிடம் கொடுங்கள், மிச்சம் ஸ்தபதி வேலை. கல்லில் படிந்த எண்ணெய்ப் பிசுக்குக்கு அரிசிமாவைத் தூவி அது எண்ணெயை உறிஞ்சும்வரை விட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். கம்பி பிரஷ், அமிலம், மணல் வீச்சு மூன்றும் கூடாது. கல்வெட்டு எழுத்தின் விளிம்பு போய்விட்டால் திரும்பி வராது. கருங்கல்லுக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னால், பக்திதானே என்று தலையாட்டாமல் மறுத்துவிடுங்கள்.

28.1.2025 | மஞ்சக்குப்பம் வாசகர்

அண்ணா, இது கல் வேலை. இதில் ஆன்மிகம் எங்கே?

28.1.2025 | பண்ருட்டி

மூன்று மணி நேரம் ஒரே தூணின் காலடியில் உட்கார்ந்து நாரால் தேய்த்துப் பாருங்கள், தம்பி. பிசுக்கு போனபின் அடியில் ஒரு சின்னப் பூ செதுக்கியிருப்பது தெரியும். செய்தவன் பெயர் இருக்காது.

30.1.2025 | முத்தியால்பேட்டை

சைவம், வள்ளலாரின் சன்மார்க்கம் இரண்டோடு நின்றுவிட வேண்டாம். வில்லியனூர் லூர்து மாதா ஆலயத்தில் பூசை, பங்கு, ஆயர் என்று முழு அமைப்பு இருக்கிறது. அதே ஆலயத்தின் குளக்கரையில் எந்த மதத்தாரும் வந்து நீரைத் தொட்டு வேண்டிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் யாரும் பங்குப் பதிவேட்டில் இல்லை. குளம் இருப்பது ஆலயம் இருப்பதால், ஆலயம் பராமரிக்கப்படுவது பதிவேடு இருப்பதால்.

புதுச்சேரி முழுக்கச் சித்தர் சமாதிகள் இருக்கின்றனவே, அவை எப்படிக் கோயிலாகின்றன என்பதையும் கவனியுங்கள். தனியாகத் திரிந்தவர் அடங்குகிறார். மேலே லிங்கம் வைக்கிறார்கள். வருடத்துக்கொரு குருபூசை. குருபூசைக்குச் சோறு, சோற்றுக்கு வசூல், வசூலுக்கு ரசீது, ரசீதுக்குக் குழு. பிறகு கூரை, கோபுரம், கும்பாபிஷேகம். ஒவ்வொரு படியும் அன்பால் வந்ததுதான். எந்தப் படியில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று சொல்வது சுலபமில்லை.

2.2.2025 | திருவந்திபுரம்

ரசீது என்று சொன்னதும் அதையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் சின்னச் சின்னச் சன்மார்க்க சங்கங்கள் உடைவது கொள்கையில் இல்லை, சாவியிலும் கணக்கிலும்தான். தமிழ்நாட்டில் 1975 சங்கப் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். பதிவுக்கு முன் இவற்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து, அந்த இரண்டு பேரும் ஒரே குடும்பம் இல்லை. அரிசி இருப்பு ஒருவர் கையில், பணம் வேறொருவர் கையில். தலைவர் பதவிக்கு வருடக் கணக்கு. இடம் தனி ஒருவர் பெயரில் இருந்தால் அவர் உயிரோடு இருக்கும்போதே பத்திரத்தை மாற்றுங்கள். ஐயா இருக்கும்வரை பிரச்சினை இல்லை என்று தள்ளிப்போட்டால், அவர் மறைந்த அடுத்த மாதம் பிள்ளைகள் வந்து பூட்டு போடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, பட்டா அவர்களுடையது.

மஞ்சக்குப்பம் நண்பர் அமைப்பு வேண்டாம் என்பது இதைப் பார்த்துச் சலித்துத்தான் என்றால் எனக்குப் புரிகிறது. கடை விரித்தோம், கொள்வாரில்லை, கட்டிவிட்டோம் என்று வள்ளலாரே சொன்னார். ஆனால் அவர் திருவறைக்குள் போகுமுன் விளக்கை வெளியே வைத்து, இதைத் தடைபடாமல் ஆராதியுங்கள் என்றார். கடையைக் கட்டியவர் விளக்கை அணைக்கவில்லை.

5.2.2025 | தேவனாம்பட்டினம்

பூசத்தன்று மைதானத்தில் நூறு பேருக்குக் கஞ்சி கொடுக்கலாம் என்று எங்கள் தெருவில் பேச்சு. அளவு சொல்லுங்கள். சைவக் கஞ்சிதான்.

5.2.2025 | திருவந்திபுரம்

கேட்கவே மனசு நிறைகிறது. நூறு பேருக்கு, ஆளுக்கு ஒரு பெரிய டம்ளர்:

பச்சரிசி நொய் 5 கிலோ, பாசிப்பருப்பு 1 கிலோ, தண்ணீர் 45 லிட்டர், சீரகம் 50 கிராம், இஞ்சி கால் கிலோ, உப்பு முதலில் 250 கிராம், பிறகு ருசி பார்த்து. அண்டா குறைந்தது 65 லிட்டர் கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பொங்கி அடுப்பை அணைக்கும். பருப்பை வாசம் வர வறுத்து, முதலில் அதைப் போட்டு அரை வேக்காடு ஆனபின் நொய்யைக் கொட்டுங்கள். நொய் கனமானது, அடியில் உட்காரும். அடி தொடுகிற நீளக் கரண்டியால் விடாமல் கிண்ட ஒருவர் நிற்க வேண்டும், பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர் மாறுங்கள். அடி பிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள். மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், சுரண்டினால் முழு அண்டாவும் தீய்ந்த வாசம் எடுக்கும். ஆற ஆற இறுகும், இளக்க ஐந்து லிட்டர் வெந்நீர் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இறக்கி நான்கு மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும்.

மைதானத்தில் கொடுப்பதற்கு முன்கூட்டி அனுமதி கேட்டு இடம் குறித்துக்கொள்ளுங்கள். வரிசையை நிழல் பக்கம் வையுங்கள். வாங்க வருகிறவரிடம் ஊர்கூடக் கேட்க வேண்டாம்.

தருமச்சாலை அடுப்பையும் போய்ப் பாருங்கள். 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி ஆழம். 1867-ல் மூட்டிய தீ, அணையாமல் காத்துவருகிறார்கள்.

9.2.2025 | மஞ்சக்குப்பம் வாசகர்

கஞ்சி கிண்ட ஆள் போதுமா?

9.2.2025 | தேவனாம்பட்டினம்

ஒரு ஆள் குறைகிறது. விடிகாலை 3 மணிக்கு அடுப்பு மூட்டுகிறோம், ஐயா. சில்வர் பீச் ரோட்டில் வந்து நில்லுங்கள், வண்டி வரும்.

12.2.2025 | திருவந்திபுரம்

13-ம் தேதி மேட்டுக்குப்பம் போகிறவர்களுக்கு: சித்திவளாகத் திருவறை தரிசனம் பகல் 12 முதல் மாலை 6 வரை. வடலூரிலிருந்து வள்ளலார் பயன்படுத்திய பொருட்கள் உள்ள பேழை வரும் நேரத்தில் ரோடு நெரியும், காலை 10 மணிக்குள் போய்ச் சேருங்கள். மஞ்சக்குப்பம் நண்பரே, நேற்று அண்டா அடி பிடித்ததா?

12.2.2025, இரவு | மஞ்சக்குப்பம் வாசகர்

பிடிக்கவில்லை. உப்பு மட்டும் 30 கிராம் கூடுதலாகத் தேவைப்பட்டது. சங்கத்தில் சேர்ந்துவிடவில்லை, வீட்டு விளக்கும் தொடர்கிறது. அடுத்த மாதப் பூசத்துக்கும் கரண்டி பிடிக்க வரச் சொல்லியிருக்கிறார்கள்.